கானானியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதாகமம் வாசிக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கானான் என்றதும் ‘பாலும் தேனும் ஓடுகிற தேசம்’ நினைவுக்கு வரும். அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் யார் என்று கேட்டால், விக்கிரகங்களை வணங்கியவர்கள், துரத்தப்பட்டவர்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் கடந்த ஒன்றரை நூற்றாண்டு அகழாய்வில் அந்த மக்களின் கடிதங்கள், பாட்டுகள், மதுச் சாடிகள், பேன் சீப்பு வரைக்கும் வெளியே வந்திருக்கின்றன. எதிராளிகள் அவர்களைப் பற்றிச் சொன்னதையே இத்தனை காலம் கேட்டோம். இனி அவர்கள் சொன்னதையும் கேட்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கானானியர் யார்? எங்கே, எப்போது வாழ்ந்தார்கள்?

மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் வாழ்ந்தவர்கள். இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனம், லெபனான், ஜோர்டானின் மேற்குப் பகுதி, சிரியாவின் தெற்குப் பகுதி ஆகியவை சேர்ந்த நிலப்பரப்பு அது. அவர்கள் செழித்திருந்த காலம் வெண்கலக் காலம். குறிப்பாக கி.மு. 2000-லிருந்து 1200 வரை. எபிரேயம், பெனிக்கியர் எனப்பட்ட கடற்கரைக் கானானியரின் மொழி, மோவாபிய மொழி எல்லாம் ஒரே கானானிய மொழிக் கிளையைச் சேர்ந்தவை.

கானான் ஒரே நாடாக இருந்ததா? அதற்கு ராஜா யார்?

ஒரே ராஜா என்று யாரும் இருந்ததில்லை. ஊருக்கு ஒரு ராஜா. ஆத்சோர், மெகிதோ, லாகீஸ், கேசேர், சீகேம், எருசலேம், அஸ்கலோன், தீரு, சீதோன், பிப்லோஸ் என்று ஒவ்வொரு நகரமும் தன் மதில், தன் வயல், தன் ராஜா என்று தனித்தனியே இருந்தது. இவற்றில் ஆத்சோர்தான் பெரியது, ஏறத்தாழ 200 ஏக்கர். பக்கத்து ஊர் ராஜாவோடு சண்டை வருவது சாதாரணம்.

இந்த ராஜாக்களை நமக்கு நேரடியாக அறிமுகம் செய்துவைப்பவை எகிப்தின் அமர்னாவில் 1887-ல் கிடைத்த களிமண் பலகைகள். மொத்தம் 380 அளவில் இருக்கின்றன, பெரும்பாலானவை கடிதங்கள். கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் கானான் எகிப்தின் பிடியில் இருந்தது. அதனால் இந்தச் சின்ன ராஜாக்கள் பார்வோன் மூன்றாம் அமென்ஹோதெப்புக்கும் அவர் மகன் அகநாதனுக்கும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ‘ஏழு முறையும் இன்னும் ஏழு முறையும் உம் பாதத்தில் விழுகிறேன்’ என்று தொடங்கி, உடனே பக்கத்து ஊர்க்காரன் மேல் புகார்.

பிப்லோஸ் ராஜா ரிப்-ஹத்தா எழுதியவை மட்டும் அறுபதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. படை அனுப்பு, தானியம் அனுப்பு என்று அவர் மன்றாடுகிறார். உழ ஆள் இல்லாமல் என் வயல் புருஷன் இல்லாத பெண்ணைப் போல் கிடக்கிறது என்கிறார். உயிர்பிழைக்க, பிள்ளைகளையும் வீட்டு மரச்சட்டங்களையும் விற்றாகிவிட்டது என்கிறார். பதில் படை வரவில்லை. கடைசியில் தம்பியே அவரை ஊரைவிட்டு விரட்டிவிட்டான். எருசலேம் ராஜா அப்தி-ஹேபா கேட்டது வெறும் 50 காவலர்களை. ஒரு நகரத்தைக் காப்பாற்ற ஐம்பது பேர் போதும் என்றால் அந்த ஊர்களின் அளவு நமக்குப் புரிந்துவிடுகிறது. சீகேமின் லபாயா வேறு ரகம். அடித்தால் எறும்புகூட அடித்தவன் கையைக் கடிக்காமல் விடுமா என்று பார்வோனுக்கே எழுதிய மனிதர்.

என்னைக் கேட்டால், கானானியரைத் தெரிந்துகொள்ள முதலில் படிக்க வேண்டியவை இந்தக் கடிதங்கள்தான். பயம், பொய், கெஞ்சல், ரோஷம் எல்லாம் அதில் இருக்கிறது.

‘கானானியர்’ என்பது மற்றவர்கள் வைத்த பெயரா?

மற்றவர்களும் சொன்னார்கள், அவர்களும் சொல்லிக்கொண்டார்கள். யூப்ரடீஸ் கரையிலிருந்த மாரி நகரத்தின் கி.மு. 18-ஆம் நூற்றாண்டுக் கடிதம் ஒன்றில் ஓர் ஊரில் ‘கள்ளரும் கானானியரும்’ இருப்பதாக வருகிறது. கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் அலலாக் ராஜா இத்ரிமி, தான் கானான் தேசத்துக்குத் தப்பியோடிப் புகலிடம் தேடியதைத் தன் சிலையிலேயே எழுதிவைத்தார். மிகப் பிந்தைய சான்று கி.பி. 400-ஐ ஒட்டியது. வட ஆப்பிரிக்காவில் தன் ஊருக்கு அருகிலிருந்த, கானானியக் கடற்கரையிலிருந்து போய்க் குடியேறியவர்களின் வழிவந்த நாட்டுப்புறத்து மக்களை ‘நீங்கள் யார்’ என்று கேட்டால், தங்களைக் கானானியர் என்று சொல்லிக்கொள்வதாகப் புனித அகுஸ்தீன் எழுதியிருக்கிறார்.

அகரவரிசை எழுத்தைக் கண்டுபிடித்தது இவர்கள்தானா?

ஆம். கானானியர் உலகத்துக்குத் தந்தவற்றில் இதற்கு நிகராக இன்னொன்றைச் சொல்ல முடியாது.

இதன் தடயம் சினாய் பாலைவனத்தில் செராபித் எல்-காதிம் என்ற இடத்தில் கிடைத்தது. எகிப்தியர் அங்கே பேரோஜா என்கிற நீலப்பச்சைக் கல்லுக்குச் சுரங்கம் வெட்டினார்கள். கானானிலிருந்து வந்தவர்களும் அங்கே வேலை செய்தார்கள். அந்தச் சுரங்கத்தையும் அங்கிருந்த, எகிப்தியப் பெண் தெய்வமான ஹாத்தோரின் கோயிலையும் சுற்றி, எகிப்திய எழுத்தைப் போல இருந்தும் எகிப்திய எழுத்தாக இல்லாத கிறுக்கல்களை 1905-ல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்தார். 1916-ல் ஆலன் கார்டினர் அதில் ஒரு சொல்லை வாசித்தார்: ‘பாலாத்’, அதாவது ‘தலைவி’. ஹாத்தோரைக் கானானியர் தங்கள் மொழியில் அப்படிக் குறிப்பிட்டிருந்தார்கள்.

அவர்கள் செய்தது இதுதான். மாட்டுத் தலையை வரைந்தால் அது மாட்டைக் குறிக்காது, மாட்டுக்குத் தங்கள் மொழியில் உள்ள சொல்லின் முதல் ஒலியைக் குறிக்கும். வீடு வரைந்தால் வீட்டுக்கான சொல்லின் முதல் ஒலி. எகிப்திய எழுத்தைக் கற்க நூற்றுக்கணக்கான குறிகளை மனப்பாடம் செய்ய வேண்டும். இதில் முப்பதுக்கும் குறைவான குறிகள் போதும். எழுத்து அதுவரை அரண்மனை எழுத்தர்களின் சொத்து. இனி யாரும் கற்றுக்கொள்ளலாம்.

யாரும் என்பதற்கு லாகீஸில் கிடைத்த தந்தச் சீப்பே சாட்சி. 2016-ல் தோண்டியெடுத்தபோது அதில் எழுத்து இருப்பது தெரியவில்லை. பிறகு 2021-ல் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தபோது கீறல்கள் தென்பட்டன. மூன்றரை சென்டிமீட்டர் நீளம்தான். ஒரு பக்கம் சிக்கெடுக்க ஆறு தடித்த பற்கள், மறுபக்கம் ஈரும் பேனும் வார 14 மெல்லிய பற்கள். அதில் 17 எழுத்துகளில் ஒரு முழு வாக்கியம்: ‘இந்தத் தந்தம் தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை ஒழிக்கட்டும்.’ எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் ஏறத்தாழ கி.மு. 1700 என்கிறார்கள். கானானிய எழுத்தில் நமக்குக் கிடைத்த முதல் முழு வாக்கியம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். யானைத் தந்தம் வெளியூரிலிருந்து வர வேண்டிய விலையுயர்ந்த சரக்கு, ஆகவே வசதியான வீட்டுத் தலையிலும் பேன் இருந்திருக்கிறது.

அந்த எழுத்துக்கும் நம் எழுத்துக்கும் தொடர்பு உண்டா?

கானானிய எழுத்திலிருந்து பெனிக்கிய எழுத்தும், பெனிக்கிய எழுத்திலிருந்து ஒரு பக்கம் கிரேக்க எழுத்தும் இன்னொரு பக்கம் அரமேய எழுத்தும் வந்தன. இதில் சந்தேகம் இல்லை. பிராமி அரமேயத்தின் செல்வாக்கில் உருவானது என்று ஆய்வாளர்களில் பலர் கருதுகிறார்கள். இந்திய மண்ணிலேயே தனியாகத் தோன்றியது என்று வாதிடுவோரும் உண்டு. முதல் கருத்து சரியென்றால், தமிழி எனப்படும் தமிழ்-பிராமி வழியாக நம் எழுத்துக்கும் அந்தச் சுரங்கத்தோடு தூரத்துச் சொந்தம் இருக்கிறது. விவாதம் இன்னும் முடியவில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

எந்தத் தெய்வங்களை வணங்கினார்கள்?

இதற்குப் பதில் சிரியக் கடற்கரையில் ராஸ் ஷம்ரா என்ற மேட்டில் புதைந்திருந்தது. 1928-ல் ஓர் உழவரின் கலப்பை அதன் அருகே ஒரு கல்லறையில் தட்டியது. மறு ஆண்டு கிளோத் ஷேஃபர் தலைமையில் அகழாய்வு தொடங்க, உகாரித் என்ற நகரம் வெளியே வந்தது. களிமண்ணில் ஆப்பு வடிவக் கோடுகளாகப் பதிக்கும், முப்பது குறிகள் கொண்ட ஆப்பெழுத்தில் எழுதிய பலகைகள் கிடைத்தன. ஓராண்டு சுற்றுக்குள்ளேயே அவற்றை வாசித்தும்விட்டார்கள். உகாரித் மக்கள் தங்களைக் கானானியராக எண்ணவில்லை, கானானியரை வெளியூர்க்காரர் கணக்கில் வைத்தார்கள். ஆனாலும் மொழியும் தெய்வங்களும் அவ்வளவு நெருக்கம். கானானியக் கதைகளின் சுவை தெரிய இதைவிட நல்ல இடம் கிடையாது.

எல்லாருக்கும் மேலே ஏல், வயதான தந்தை. அவர் மனைவி அதிராத், வேதாகமத்தின் அசேரா. அவர்களுக்கு எழுபது பிள்ளைகள். மழையும் இடியும் பாகாலுடையவை. போர்க்குணம் கொண்ட அனாத் அவர் சகோதரி. யம் என்பவர் கடல், மோத் என்பவர் சாவு.

பாகால் முதலில் யம்மை அடித்து வீழ்த்துகிறார். பிறகு தனக்கு ஒரு வீடு வேண்டும் என்கிறார். கைவினைத் தெய்வமான கோதார் கட்டித்தருகிறார். ஜன்னல் வைக்கலாமா வேண்டாமா என்று இருவருக்கும் வாக்குவாதமே நடக்கிறது, பாகால் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்துப் பின்னால் சம்மதிக்கிறார். அப்புறம் மோத் அழைக்க, பாகால் சாவின் வாய்க்குள் இறங்குகிறார். செய்தி கேட்டதும் ஏல் அரியணையை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார். அனாத் மோத்தைப் பிடித்து வாளால் பிளக்கிறாள், சுளகில் தூற்றுகிறாள், நெருப்பில் எரிக்கிறாள், திரிகையில் அரைக்கிறாள், வயலில் விதைக்கிறாள். ஏலுக்கு ஒரு கனவு வருகிறது: வானம் எண்ணெய் பொழிகிறது, ஓடைகளில் தேன் ஓடுகிறது. பாகால் உயிரோடு இருக்கிறார் என்று அவருக்கு விளங்கிவிடுகிறது.

களத்துமேட்டு வேலை தெரிந்தவர்களுக்கு இந்தக் கதையின் அடி எங்கே இருக்கிறது என்று உடனே பிடிபடும். கானானில் நைல் போல ஒரு பேராறு கிடையாது. கோடை முழுக்க வானம் பொய்த்து, மழைக்காலம் திரும்பினால்தான் விதைப்பு. மழை செத்துப் பிழைப்பதைத்தான் அவர்கள் பாடினார்கள்.

இதை எழுதிவைத்த எழுத்தரின் பெயரும் தெரியும்: இலிமில்கு. பாகாலுக்கு அந்தப் பாட்டில் ‘மேகத்தில் ஏறிவருபவர்’ என்று ஒரு பட்டம். 104-ஆம் சங்கீதத்தில் கர்த்தர் மேகங்களைத் தம் இரதமாக்குகிறார். பெத்தேல், இஸ்ரவேல் என்ற பெயர்களுக்குள் ஏல் இருக்கிறார். வேதாகமம் கடுமையாக எதிர்த்த அதே மரபின் கவிதைதான் அதன் மொழியிலும் ஓடுகிறது.

பிள்ளைகளைப் பலி கொடுத்தார்கள் என்பது உண்மையா?

வேதாகமம் அப்படிக் குற்றஞ்சாட்டுகிறது. தீருவிலிருந்து போனவர்கள் வட ஆப்பிரிக்காவில் அமைத்த கார்த்தேஜ் நகரத்து மக்கள் மேல் கிரேக்க, ரோமானிய எழுத்தாளர்களும் அதையே சொன்னார்கள். கார்த்தேஜில், எரிக்கப்பட்ட பச்சிளங் குழந்தைகளின் எலும்புகளோடு ஏராளமான கலயங்கள் கிடைத்திருக்கின்றன. அவை பலியா, தானாக இறந்த சிசுக்களின் இடுகாடா என்று ஆய்வாளர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கிறார்கள். ஆனால் கார்த்தேஜ் கானானிலிருந்து வெகுதூரம், காலமும் பல நூற்றாண்டு பிந்தியது. கானானுக்குள்ளே அது போன்ற ஓரிடம் உறுதியாகக் கிடைக்கவில்லை.

அங்கே நிறையக் கிடைப்பது வேறொன்று. இறந்த கைக்குழந்தையைச் சாடிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு சின்னக் குடுவையும் வைத்து, வீட்டுத் தரைக்குக் கீழே புதைத்திருக்கிறார்கள். சிசு மரணம் மிகுந்திருந்த காலம் அது. பிள்ளையை ஊருக்கு வெளியே விட மனம் வராதவர்கள் செய்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு சமூகம் முழுவதையும் பிள்ளைக்கொலைகாரர்கள் என்று சொல்ல இப்போதுள்ள சான்று போதாது.

என்ன சாப்பிட்டார்கள், என்ன குடித்தார்கள்?

கோதுமை, வாற்கோதுமை, பருப்பு, ஒலிவ எண்ணெய், அத்தி, திராட்சை, ஆட்டுப்பால், ஆட்டிறைச்சி. இது எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் மெகிதோவில் காத்திருந்தது. அங்கேயும் இன்னொரு ஊரிலும் புதைந்திருந்த பதினாறு பேரின் பல்லில் படிந்த காரையைச் சுரண்டி ஆராய்ந்து, அதன் முடிவை 2020-ன் இறுதியில் வெளியிட்டார்கள். மெகிதோவில் கி.மு. இரண்டாம் ஆயிரத்தின் நடுவில் வாழ்ந்த ஒருவர் பல்லில் மஞ்சளும் சோயாவும் இருந்தன. தெல் எரானியில் புதைக்கப்பட்ட சற்றுப் பிந்தைய ஒருவர் பல்லில் வாழைப்பழம். மஞ்சள் தெற்காசியச் சரக்கு. மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் நம் பக்கத்துச் சமையல் பொருள் மத்தியதரைக் கரை வரைக்கும் போயிருக்கிறது. எந்தத் துறையில் ஏறியது என்று யாரும் சொல்லிவிட முடியாது, ஆனால் போனது போனதுதான்.

மது விஷயத்தில் கலிலேயாவின் மேற்கிலுள்ள தெல் கப்ரியைச் சொல்லியாக வேண்டும். 2013-ல் அங்கே அரண்மனையின் ஓர் அறையில் 40 பெரிய சாடிகள் அகப்பட்டன. ஏறத்தாழ 2,000 லிட்டர் கொள்ளும், காலம் கி.மு. 1700 சுற்று. சாடியின் உட்சுவரில் ஊறியிருந்ததை ஆய்ந்தால் திராட்சை மதுவோடு தேன், புதினா, தேவதாரு எண்ணெய், பிசின்கள், இலவங்கப்பட்டை ஆகியவற்றின் தடயம். எல்லாச் சாடியிலும் ஏறக்குறைய ஒரே கலவை. பக்குவம் தெரிந்த கை ஒன்று அளந்து போட்டிருக்கிறது.

வணிகத்தில் அவ்வளவு பெயர்பெற்றவர்களா?

துருக்கியின் உலுபுருன் முனைக்கு அருகே கி.மு. 1300-ஐ ஒட்டி மூழ்கிய கப்பலைப் பாருங்கள். 1982-ல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர் கண்ணில் பட்டது. பத்து டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம், ஏறத்தாழ 150 கானானியச் சாடிகள், நீலக் கண்ணாடிக் கட்டிகள், யானைத் தந்தம், நீர்யானைப் பல், கருங்காலி, எகிப்திய அரசி நெஃபர்டீட்டியின் பெயர் பொறித்த பொன் வண்டு முத்திரை. இந்தச் சாடிகளில் பலவற்றில் இருந்தது மரப்பிசின். கூரான அடியும் இரண்டு காதும் கொண்ட அந்தச் சாடி வடிவம் கப்பலில் அடுக்கத் தோதானது. கிரேக்கரும் ரோமரும் பிறகு பல நூற்றாண்டு பயன்படுத்தியவை அதன் வழிவந்தவைதான்.

கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு வருமானம் ஊதாச் சாயம். ஒருவகைக் கடல் நத்தையின் சுரப்பியிலிருந்து எடுப்பது. 1909-ல் ஒரு வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து எடுத்தது 1.4 கிராம் சாயம். ராஜாக்கள் மட்டும் ஏன் அதை உடுத்தினார்கள் என்று இதற்குமேல் விளக்க வேண்டாம்.

எகிப்தைக் கானானியர் ஆண்டார்களாமே?

ஒரு நூறு வருடம் வட எகிப்தை ஆண்டார்கள். ஹிக்சோஸ் எனப்படும் அந்த அரசர்கள் கானானியப் பின்னணி கொண்டவர்கள், தலைநகர் நைல் கழிமுகத்தில் அவாரிஸ். கி.மு. 1550-ஐ ஒட்டி அஹ்மோஸ் அவர்களை விரட்டினார். பிறகு நிலைமை தலைகீழ். மூன்றாம் துத்மோஸ் மெகிதோவை ஏழு மாதம் முற்றுகையிட்டுப் பிடித்தார், கானான் மூன்று நூற்றாண்டு எகிப்துக்குக் கப்பம் கட்டியது.

யோசுவா கானானியரை அழித்தாரா?

மோசேக்குப் பின் இஸ்ரவேலரை நடத்திக் கானானைப் பிடித்தார் என்று வேதாகமம் சொல்லும் தலைவர் யோசுவா. ஆனால் வேதாகமத்தையே முழுக்க வாசித்தால் அவர் எல்லாரையும் அழித்ததாக இல்லை. நியாயாதிபதிகள் முதல் அதிகாரம் மெகிதோ, கேசேர் என்று துரத்த முடியாத ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. மண்ணும் கலப்பான பதிலையே தருகிறது. யோசுவாவின் முன் மதில் இடிந்து விழுந்ததாகச் சொல்லப்படும் எரிகோவை 1950-களில் தோண்டிய கேத்லீன் கென்யன், அதன் மதில் கி.மு. 1550 வாக்கிலேயே அழிந்துவிட்டது, யோசுவாவுக்குச் சொல்லப்படும் காலத்தில் அங்கே மதில் சூழ்ந்த நகரமே இல்லை என்று கண்டார். ஆத்சோர் மட்டும் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் கடும் தீயில் எரிந்திருக்கிறது, சிலைகளின் தலையும் கையும் வெட்டப்பட்டிருக்கின்றன. எரித்தது யார் என்பதில் இன்றும் சண்டை.

கி.மு. 1208 அளவில் பார்வோன் மெர்னெப்தாவின் கல்வெட்டு கானான், அஸ்கலோன், கேசேர் ஆகியவற்றோடு இஸ்ரவேலையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அந்தக் காலத்தில் மலைநாட்டில் புதிதாக முளைத்த சிற்றூர்களின் பானை சட்டி, மொழி எல்லாம் கானானியச் சாயலே. இஸ்ரவேலரில் பெரும்பகுதியினர் கானானுக்குள்ளிருந்தே உருவானவர்கள் என்று இன்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. அண்ணன் தம்பி பங்காளிச் சண்டையில்தான் இத்தனை உக்கிரம் வரும்.

வெண்கலக் கால நகரங்கள் விழுந்ததற்குப் படையெடுப்பு மட்டும் காரணம் ஆகாது. கலிலேயாக் கடலின் அடிச்சேற்றில் படிந்த மகரந்தம் கி.மு. 1250 முதல் 1100 வரை கடும் வறட்சி என்று காட்டுகிறது. அதே நேரத்தில் கடல்வழி வந்தவர்களின் தாக்குதல், எகிப்தின் தளர்ச்சி, வணிகத்தின் முறிவு எல்லாம் சேர்ந்துகொண்டன.

பெனிக்கியர் வேறு இனமா?

இல்லை. கி.மு. 1200-க்குப் பிறகும் தீரு, சீதோன், பிப்லோஸ் என்று கடற்கரையில் நிலைத்த கானானியரைக் கிரேக்கர் அப்படி அழைத்தார்கள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில்கூட பெய்ரூட் தன் நாணயத்தில் கானான் என்ற பெயரைப் பொறித்தது.

இன்று கானானியர் யாராவது இருக்கிறார்களா?

பெயர் இல்லை, ரத்தம் இருக்கிறது. சீதோனில் புதைந்த, 3,700 ஆண்டு பழைய ஐந்து பேரின் மரபணுவை 2017-ல் ஆராய்ந்தபோது, இன்றைய லெபனான் மக்களின் மரபில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அவர்களோடு தொடர்புடையது என்று தெரிந்தது. 2020-ல் மெகிதோ, ஆத்சோர் உள்ளிட்ட ஐந்து இடங்களில் கிடைத்த 73 பேரின் மரபணுவைச் சேர்த்துப் பார்த்தார்கள். கானானியர் உள்ளூர்ப் பழங்குடிகளும் காகசஸ், ஸாக்ரோஸ் மலைப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் கலந்து உருவானவர்கள். அப்பகுதி அரபு மக்களிலும் யூதர்களில் பெரும்பாலான பிரிவினரிலும் பாதியோ அதற்கு மேலோ அந்த வம்சாவளி ஓடுகிறது. இன்று அந்த நிலத்துக்காக ரத்தம் சிந்துகிற இரண்டு பக்கத்தாரும் ஒரே பாட்டன் வீட்டுப் பிள்ளைகள் என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

இவற்றை எங்கே போய்ப் பார்க்கலாம்?

அமர்னா கடிதங்களில் இருநூறுக்கு மேல் பெர்லினில் இருக்கின்றன. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்திலும் நிறைய உண்டு, அங்கேயே இத்ரிமியின் சிலையும் சினாய்ச் சுரங்கத்துச் சின்ன ஸ்பிங்க்ஸ் உருவமும் இருக்கின்றன. இடிக்கோல் பிடித்த பாகாலின் கற்பலகை பாரிஸின் லூவரில். பெய்ரூட் தேசிய அருங்காட்சியகத்தில் பிப்லோஸ் கோயிலில் காணிக்கையாக வைத்த பொன் பூசிய வெண்கலப் பொம்மைகளும், பெனிக்கிய எழுத்து பொறித்த அஹிராம் ராஜாவின் கல் சவப்பெட்டியும் இருக்கின்றன. ஊர்களில் தெல் தானுக்குப் போக முடிந்தால், கி.மு. 1750 அளவில் பச்சைச் செங்கல்லில் கட்டிய வளைவு வாசலைப் பார்த்துவிட்டு வாருங்கள். கட்டிய கொஞ்ச காலத்திலேயே அதை மண் போட்டு மூடிவிட்டார்கள், அதனால்தான் வளைவு சரியாமல் தப்பித்தது.